பழைய பட்டியல் வகைகளில் கை வைக்காதீர்கள்

நோட்லிஸ்ட், எச்டிஎம்எல்கலெக்‌ஷன், டாம்ஸ்ட்ரிங்லிஸ்ட். ஜாவாஸ்கிரிப்ட் கோடுக்குப் பிரௌசர் தரும் பழைய பட்டியல் வகைகள் இவை. பார்த்தால் அர்ரே (ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான பட்டியல்) போலத்தான் இருக்கும், ஆனால் அர்ரேக்கு உரிய மேப், ஃபில்டர் மெத்தட்கள் எதுவும் வேலை செய்யாது. இவற்றைப் பிரௌசரே உண்மையான அர்ரேயாக மாற்றித் தரலாமே என்ற ஆசை நியாயமானது. ஆனாலும் ஏற்கெனவே இருப்பவற்றை மாற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிரௌசருக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸான இன்டெக்ஸ்டுடிபியில், ஸ்டோர்களின் (தரவுத் தொகுப்புகளின்) பெயர்களைச் சொல்லும் ஆப்ஜெக்ட்ஸ்டோர்நேம்ஸ் தருவது டாம்ஸ்ட்ரிங்லிஸ்ட். ஒரு பெயர் பட்டியலில் உண்டா என்று பார்க்க அதில் இருப்பது கன்டெய்ன்ஸ். அர்ரேயில் அதே வேலைக்கு இன்க்ளூட்ஸ். ஸ்டோர் ஏற்கெனவே இருக்கிறதா என்று டேட்டாபேஸின் பதிப்பு உயரும்போது ஓடும் அப்கிரேட்நீடட் ஹேண்ட்லரில் கன்டெய்ன்ஸ் வைத்துப் பார்ப்பது பலரும் எழுதும் வரி. நாளை அந்தப் பட்டியல் வெறும் அர்ரே ஆகிவிட்டால், கன்டெய்ன்ஸ் இல்லாததால் அங்கே டைப்எரர் வரும். ஹேண்ட்லருக்குள் பிடிக்கப்படாத எரர் வந்தால் டிரான்சாக்‌ஷன் அபார்ட் ஆகிவிடும் (பாதியில் ரத்தாகும்), டேட்டாபேஸ் திறக்காது. பத்து வருடமாக யாரும் தொடாத தளம் ஒன்று இப்படி உடைந்தால் அதைச் சரிசெய்ய ஆள்கூட இருக்கமாட்டார்.

வகையை மாற்றாமல் மெத்தட்களை மட்டும் சேர்க்கலாமா? 2016-ல் நோட்லிஸ்டுக்கு ஃபார்ஈச் மெத்தட் வந்தது உண்மைதான். எச்டிஎம்எல்கலெக்‌ஷன் அப்படியல்ல. அதில் பெயர் சொல்லியே உறுப்பை எடுக்கலாம். ஃபார்மின் உறுப்புகளைத் தரும் எலிமென்ட்ஸ் இவ்வகைதான். ஃபார்மில் ஃபில்டர் என்ற பெயரில் ஓர் இன்புட் இருந்தால், எலிமென்ட்ஸ் புள்ளி ஃபில்டர் என்று எழுதினால் அது கிடைக்கும். ஃபில்டர் மெத்தடைச் சேர்த்த அன்றே இன்புட்டுக்குப் பதில் மெத்தட்தான் வரும். சார்ட், ஃபைண்ட் என்ற பெயர்களுக்கும் இதே கதி. தேடல் பக்கங்களில் இப்பெயர்கள் சர்வசாதாரணம்.

ஆகவே மாற்றத்தை நம் கோடில் செய்வோம். பட்டியல் கைக்கு வந்ததும் அர்ரே புள்ளி ஃப்ரம் போட்டு நகலெடுங்கள். கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம் தருவது லைவ் பட்டியல், அதாவது பக்கம் மாறும்போதே தானும் மாறுவது. நான்கு உறுப்புகளில் ஐ என்ற வரிசை எண்ணைப் பூஜ்யத்திலிருந்து கூட்டிக்கொண்டே அந்த கிளாஸை நீக்கினால், ஒன்றும் மூன்றும் போகும், இரண்டும் நான்கும் தப்பிவிடும். நகலில் சுற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. டாம்ஸ்ட்ரிங்லிஸ்ட்டைப் பின்னணியில் ஓடும் வொர்க்கருக்கு அப்படியே போஸ்ட்மெசேஜ் செய்தால் டேட்டாகுளோன்எரர் வரும். அங்கேயும் நகல்தான் வழி.

பிரௌசருக்குப் புதிய ஏபிஐ (கோடு பயன்படுத்தும் வசதிகள்) வடிவமைப்பவர்களிடம்தான் கறாராகக் கேட்க வேண்டும்: இனி இப்படி ஒரு வகையைப் புதிதாகக் கொண்டுவராதீர்கள். மெத்தட் திருப்பித் தருவதானால் சீக்வென்ஸ் வகை போதும், அழைக்கும் கோடுக்கு அது சாதாரண அர்ரேயாகவே கிடைக்கும். அட்ரிபியூட்டுக்கு (ஆப்ஜெக்டில் பெயர் சொல்லிப் படிக்கும் மதிப்புக்கு) அது ஆகாது, ஏனென்றால் படிக்கும் ஒவ்வொரு முறையும் புது அர்ரே வரும். மாற்றத் தேவையில்லாததற்கு நேவிகேட்டர் புள்ளி லாங்குவேஜஸ் போல ஃப்ரோஸன்அர்ரே, அதாவது மாற்ற முடியாத அர்ரே, பொருந்தும். டெவலப்பரே சேர்த்து நீக்க வேண்டியதற்கு அது தொல்லை. பக்கத்துக்கான ஸ்டைல்ஷீட்களின் பட்டியலான அடாப்டட்ஸ்டைல்ஷீட்ஸ் முதலில் அப்படித்தான் வந்தது. ஒரு ஷீட் சேர்க்கவும் முழு அர்ரேயையே திரும்ப அசைன் செய்ய வேண்டியிருந்தது, புஷ் செய்தால் எரர். பிறகு அது அப்சர்வபிள்அர்ரே ஆனது, அதாவது மாற்றங்களைப் பிரௌசர் கவனிக்கும் அர்ரே. குரோம் 99 முதல் புஷ் நேரடியாக வேலை செய்கிறது. பழையபடி அசைன் செய்யும் கோடும் அதில் உடையவில்லை. மாற்றம் இப்படி நடக்குமானால் எனக்கு ஆட்சேபமே இல்லை.