அவிசாவளை டவுனுக்கு ஒரு சிறிய பஸ்

நான் கொழும்பில் வேலை பார்ப்பவள். என் அம்மா அவிசாவளைக்கு அப்பால், தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், இருக்கிறார். கொழும்புக்கும் அவிசாவளைக்கும் இடையிலான போக்குவரத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு ஹைலெவல் வீதியின் நெரிசலிலும் புகையிரதத்தின் வேகத்திலுமே நின்றுவிடுகிறது. அம்மாவோ பல வருடங்களாக ஒன்றையே சொல்கிறார்: "கொழும்புக்குப் போறது லேசு, டவுனுக்குப் போறதுதான் கஷ்டம்."

சீதாவாக்கை ஆற்றங்கரையில் இருக்கும் அவிசாவளை சிறிய நகரந்தான். ஆனால் ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 வீதி அங்கேதான் தொடங்குகிறது. இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியும் அதன் வழியாகவே செல்கிறது. கொழும்பின் புறக்கோட்டைக்கு 122ஆம் இலக்க பஸ் இருக்கிறது, கோட்டைக்குப் புகையிரதமும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இங்கே குறையொன்றும் தெரியாது. குறை ஏ7 வீதியிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் நான்கு கிலோமீற்றரில் இருக்கிறது. அந்தப் பாதையில் காலையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு பஸ்ஸை விட்டால், மற்ற நேரமெல்லாம் நடை, அல்லது முச்சக்கரவண்டி. மாதாந்த கிளினிக்குக்காக அவிசாவளை வைத்தியசாலையில் ஏழு மணிக்கு முன்பே இலக்கம் எடுக்க வேண்டிய அம்மா, விடியுமுன்னே எழுந்து, முதல் நாளே சொல்லிவைத்த முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணம், நான் கொழும்பிலிருந்து அவரைப் பார்க்க வரும் பஸ் கட்டணத்தைவிட அதிகம். இறப்பர் பால் வெட்டி வாழும் குடும்பமொன்றுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பகுதிக்கு ஒருகாலத்தில் புகையிரதமே வந்தது என்பதை இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். 1902இல் அவிசாவளையை எட்டிய களனிவெளிப் பாதையின் ஒரு கிளை, அடுத்த ஆண்டே தெஹியோவிட்ட வழியாக எட்டியாந்தோட்டை வரை நீண்டது. தேயிலையையும் இறப்பரையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத்தான் அதைப் போட்டார்கள். ஆனாலும் தோட்டத்து மக்களும் அதில் ஏறிப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், அந்தக் கிளை மூடப்பட்டது. மிஞ்சியிருக்கும் பாதை 1990களில் அகலப் பாதையாக மாறியபோதும் பழைய குறுகிய பாதையின் வளைவுகள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டதால், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரத்துக்கு இன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புகையிரதம் அரை மணி நேரம் முந்தி வந்தாலும், நிலையத்துக்கு வந்து சேர வழியில்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

நிர்வாக எல்லை இந்தச் சிக்கலை இன்னும் கடினமாக்குகிறது. அவிசாவளை மேல் மாகாணத்தில், கொழும்பு மாவட்டத்தில் இருக்கிறது. தெஹியோவிட்டவும் தெரணியகலையும் ருவன்வெல்லையும் சப்ரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில் இருக்கின்றன. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண அதிகாரசபை. எல்லையைத் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சந்தை, வைத்தியசாலை, வேலை என்று மக்கள் நாளாந்தம் அந்த எல்லையைக் கடக்கிறார்கள். ஆனால் ஒரு குறுந்தூர பஸ்ஸுக்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டு போன எங்கள் ஊர்ப் பெரியவர்களை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து அவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இலாபம் தராத கிராமப்புற வழிகளுக்கு அரசு மானியத்துடன் பஸ் ஓட்டும் 'கெமி சரிய' திட்டம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தோட்டப் பாதைகளின் வளைவுகளில் திரும்பக்கூடிய சிறிய பஸ்களை அதன் கீழ் விட வேண்டும். பாதைக்குப் பொறுப்பு பிரதேச சபையா தோட்ட நிர்வாகமா என்ற பழைய இழுபறியை அதற்கு முன்பே முடித்துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் சேறாகிவிடும் பாதையில் எந்தச் சாரதியும் வண்டியை இறக்கமாட்டார். பஸ் வைத்தியசாலை வாசலிலும் புகையிரத நிலையத்திலும் நிற்க வேண்டும். நேர அட்டவணையைத் தமிழிலும் எழுதி லயத்துக் கோயிலடியில் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பஸ் காலை ஆறு மணிக்கு முன்பே தோட்டத்திலிருந்து புறப்பட வேண்டும். எட்டு மணிக்கு வரும் பஸ்ஸில் ஏறி ஏழு மணிக் கிளினிக்குக்கு யாராலும் போக முடியாது.