டூப்ளிகேட் இல்லை, இன்னொன்று

போன வாரம் ஊர் நண்பன் ஒருவனிடம் போனில் பேசும்போது, வீட்டில் ஒரு கைத்துப்பாக்கிக்கு டூப்ளிகேட் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "அமெரிக்காவிலேயும் போலிச் சரக்கு விக்கிறானா?" என்று கேட்டான். தப்பு என்னுடையதுதான். நம் ஊரில் டூப்ளிகேட் என்றால் பர்மா பஜார் வாட்ச். சாவிக்கு மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போலி இல்லை. அதே கம்பெனி, அதே மாடல், இன்னொன்று.

"ஒன்னு வச்சிருக்கிறதே ஜாஸ்தி, எதுக்குடா ரெண்டு, அதுவும் ஒரே மாதிரி?" என்றான். போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். துப்பாக்கியே கூடாது என்பவர்கள் தாராளமாகத் திட்டலாம், பிளாக் செய்ய மாட்டேன்.

நான் டெக்சாஸுக்கு வந்து பல வருஷம் வரைக்கும் துப்பாக்கி வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க இங்கே மத்திய சட்டப்படி தடை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, நான் அந்த வழிக்கெல்லாம் போகவில்லை. கிரீன் கார்டு வந்தபிறகுதான் கடைக்குள் நுழைந்தேன். 4473 என்ற படிவத்தை நிரப்பி, அவர்கள் பின்னணி சரிபார்த்து, கையில் கிளாக் 19 என்ற பிஸ்டலைக் கொடுத்து அனுப்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிறுமலை அடிவாரத்தில் என் தாத்தா காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார். அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு மணி நேரத்தில் துப்பாக்கி கிடைத்ததில் சந்தோஷத்தைவிட ஒரு மாதிரி திகைப்புதான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வகை வகையாக வாங்குகிறவர்கள்தான். ஒரு கிளாக், ஒரு சிக், ஒரு பெரெட்டா, 1911 என்ற பெயரில் வரும் பிஸ்டல் ஒன்று, மாதம் ஒன்று புதிதாக. கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்து விரித்துக் காட்டுவார்கள். எதிலும் ஒழுங்காகச் சுட மாட்டார்கள். நானும் மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வொன்றின் ட்ரிகரும் ஒரு விதம், பிடியின் சாய்வு ஒரு விதம், ஒன்றில் சேஃப்டி லிவரைக் கீழே தள்ள வேண்டும், இன்னொன்றில் மேலே தள்ள வேண்டும், அடுத்ததில் லிவரே கிடையாது. கை எதையும் கற்றுக்கொள்ளாமல் குழம்பிப்போய் நிற்கும். புதிய மாடல் வாங்கும் காசில் பழகிய மாடலையே இன்னொன்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆனால் எல்லா மாடலுக்கும் அந்தத் தகுதி கிடையாது.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு ரிப்பேரால். பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியின் சின்ன பிஸ்டல், உள்ளே ஒரு ஸ்பிரிங் போய்விட்டது, வாரண்டியில் அனுப்பினேன். பதினொரு வாரம். அந்தப் பதினொரு வாரமும் பெட்டகத்தில் வேறு நாலு துப்பாக்கி இருந்தும், கைக்குப் பழகியது எதுவும் இல்லை. வீட்டில் கிரைண்டர் ரிப்பேருக்குப் போன அன்று அலமாரியில் இருக்கிற பிளெண்டரைப் பார்க்கிற மாதிரி. இன்னொன்றும் உண்டு. தற்காப்புக்காகச் சுட நேர்ந்தால், நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், அந்தத் துப்பாக்கியைப் போலீஸ் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விடும். திரும்பி வர மாதக்கணக்கு ஆகலாம். அப்படி ஒரு நாள் யாருக்கும் வரக்கூடாது, ஆனால் அதையும் யோசித்துத்தான் இங்கே பலர் ரெண்டாவதை வாங்குகிறார்கள்.

முதலில் கிளாக் 19. 1988-இல் வந்த மாடல், 9 மி.மீ., மேகசின் என்ற தோட்டாக்கூட்டில் 15 தோட்டா. அழகு என்று ஒன்றும் கிடையாது. தார் ரோட்டில் உடைத்தெடுத்த கட்டி மாதிரி இருக்கும். ஆனால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், மேகசின் எந்தக் கடையிலும் இருக்கும், சுட்டதும் பின்னால் போகும் மேல்பாகத்தைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைச் சில ஆயிரம் ரவுண்டுக்கு (சுடும் தோட்டாக் கணக்கு) ஒரு தடவை வீட்டு மேஜையிலேயே மாற்றிவிடலாம். ஒன்று ரேஞ்சுக்கு, தூசியும் கரியும் தேய்மானமும் எல்லாம் அதற்கு. இன்னொன்றை வாங்கியதும் முந்நூறு ரவுண்டு சுட்டு, எதுவும் சிக்கவில்லை என்று பார்த்து, சுத்தம் செய்து வீட்டுக்கென்று வைத்துவிட்டேன். ரேஞ்சில் பழகுவது எல்லாம் வீட்டில் இருப்பதற்கும் சேர்த்துத்தான்.

இதில் ஒரு பொடி எழுத்து உண்டு. ஒரே 19 என்று பெயர் இருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடு. மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிடியில் விரல் பதியும் மேடுகள் இருக்கும், 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் தலைமுறைக் குழல் பழையவற்றில் பொருந்தாது. நான் முதலில் வைத்திருந்தது மூன்றாம் தலைமுறை, அவசரத்தில் வாங்கியது ஐந்தாம் தலைமுறை. பிடித்த உடனே கை "இது அது இல்லை" என்றது. நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஒரு மூன்றாம் தலைமுறையைத் தேடி வாங்கினேன். இரட்டை என்று வாங்கினால் இரட்டையாகவே வாங்குங்கள், அண்ணன் தம்பியை வாங்காதீர்கள்.

ரெண்டாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரம்மா எழுந்து போய்விடுவார். 1899-இலிருந்து மிலிட்டரி அண்ட் போலீஸ் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த ரிவால்வர், 1957-இல்தான் அதற்கு 10 என்று எண் கொடுத்தார்கள். அறுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா, ஆறு கொள்ளும், நாலு அங்குலக் குழல். அமெரிக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல பத்தாண்டுகள் தொங்கியது. அவர்கள் 80-களிலும் 90-களிலும் பிஸ்டலுக்கு மாறியபோது இவை கூட்டம் கூட்டமாகப் பழைய துப்பாக்கிச் சந்தைக்கு வந்தன. போலீஸ் ரிவால்வரை வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளியே உறையில் உரசி உரசி நீலப் பூச்சு போய் வெள்ளை தெரியும், உள்ளே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். இருபது வருஷம் சுமந்தார்கள், சுட்டது கொஞ்சம். நம் ஊர்க் காவலரின் லத்தி மாதிரி என்று சொல்ல நினைத்தேன், அது சரியான உவமை இல்லை, லத்தி நன்றாகவே உழைக்கும்.

பழைய மாடல் 10-இன் ட்ரிகரை இழுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அரைத்த மாவில் கரண்டி போகிற மாதிரி போகும். 2001-இல் கம்பெனி கைமாறிய பிறகு அவர்கள் ரிவால்வர்களின் இடது பக்கத்தில் ஒரு சின்ன சாவித்துளை வர ஆரம்பித்தது, உள்ளே ஒரு பூட்டு. பாதுகாப்புக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். எனக்கும் பெட்டகத்தில் பூட்டு வேண்டும், கடிகாரம் மாதிரி ஓடும் யந்திரத்துக்குள் வேண்டாம். அதனால் துளை இல்லாத பழையதைத் தேடித் தேடி ரெண்டு வாங்கினேன். மூன்றாவதற்கும் கண் இருக்கிறது.

அதே கம்பெனியின் 642 என்ற சின்ன ரிவால்வரை இரண்டாவது தடவை வாங்க மாட்டேன். ஐந்து தோட்டா, அரைக்கிலோகூட வராத எடை, பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஆனால் இருபது தோட்டா சுட்டால் உள்ளங்கை ஸ்கூலில் பிரம்படி வாங்கிய மாதிரி எரியும். அதை ஜோடியாக வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தோட்டா தீர்ந்தால் நிரப்பிக்கொண்டிருக்காமல் அடுத்ததை உருவுவது. நியூயார்க் ரீலோட் என்று பெயர், ரிவால்வர் காலத்து நியூயார்க் போலீஸ்காரர்களின் வழக்கம். எனக்கு அந்த வேலை கிடையாது, நான் எக்செல் ஷீட் பார்க்கிறவன்.

1911-ஐயும் இரட்டையாக வாங்க மாட்டேன். திட்டத் தயாராகிறீர்கள், தெரியும். அது தேர் மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, எண்ணெய் போட்டு, இழுத்து, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வைக்க வேண்டும். தெருவுக்கு ரெண்டு தேர் யாரும் வைத்துக்கொள்வதில்லை. ரெண்டு கம்பெனி 1911-ஐ அருகருகே வைத்தால் ஒன்றில் சிக்காத மேகசின் இன்னொன்றில் சிக்கும். கோல்ட் பைத்தான் என்ற ரிவால்வரை ரெண்டு வாங்குகிற அளவுக்கு என்னிடம் காசும் இல்லை.

மூன்றாவது ஜோடி, ரூகர் கம்பெனியின் .22 பிஸ்டல். இது முழுக்க மகளால். பதினைந்து வயது. முதலில் என்னுடைய பழைய மார்க் 2-ஐத்தான் கொடுத்தேன். ஆளுக்குப் பத்து ரவுண்டு, மாற்றி மாற்றி. ஒருவர் சுடும்போது இன்னொருவர் சும்மா நிற்க வேண்டும், நிற்கும்போது அப்பாக்களுக்கு வாய் சும்மா இருக்காது, தோளை இறக்கு, விரலை எடு என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள், "நீங்க உங்க லேன்ல சுடுங்கப்பா" என்றாள். அடுத்த மாதமே ரெண்டு மார்க் 4 வாங்கினேன். பழைய ரூகரைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், பிரிப்பது சுலபம், திரும்பப் பூட்டுவதற்குள் உயிர் போய்விடும். 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பட்டனை அமுக்கினால் மேல்பாகம் கதவு மாதிரி திறந்துகொள்ளும். .22 தோட்டா மற்றவற்றைவிட மிக மலிவு, உதையும் கிடையாது. இப்போது பக்கத்துப் பக்கத்து லேனில் ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. தோற்றால் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. இப்போதெல்லாம் பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன்.

அந்த ரெண்டையும் ஒரே நாளில் வாங்கியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒரே கடையில் ஐந்து வேலை நாளுக்குள் ரெண்டு அல்லது அதற்கு மேல் கைத்துப்பாக்கி வாங்கினால், கடைக்காரர் ஏடிஎஃப் என்ற மத்திய அமைப்புக்குத் தனியாக ஒரு படிவம் அனுப்ப வேண்டும். வாங்குவது குற்றம் இல்லை, ஆனால் பதிவாகும். இங்கே சிலர் இதற்கே கொதிப்பார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மொத்தமாக வாங்கித் தெருவில் விற்கிறவனைப் பிடிக்க வேறென்ன வழி? இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு ஆளுக்கு மொத்தமே ரெண்டு துப்பாக்கிதான், அதற்கு முன்பு மூன்று. 9 மி.மீ. துப்பாக்கி அங்கே சாதாரண ஆளுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இப்போது, இந்த இரட்டை விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று. ஒரே மாதிரி ரெண்டு இருந்தால் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, கிளாக்கைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கிளாக்கைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் ட்ரிகரை இழுத்தாக வேண்டும், அதன் அமைப்பே அப்படி. பெட்டகத்திலிருந்து எடுத்தேன், மேகசினைக் கழற்றினேன், அதற்குப் பிறகும் குழலில் ஒரு தோட்டா நிற்கலாம் என்பதால் வழக்கம்போல் ஸ்லைடை, அதாவது மேல்பாகத்தை, பின்னால் இழுத்தேன். ஒரு தோட்டா வெளியே குதித்து மேஜைக்கு அடியில் உருண்டது. எடுத்தது வீட்டுத் துப்பாக்கி. ரேஞ்சில் காலி செய்தது இன்னும் பைக்குள்ளேயே இருந்தது. இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே எடை. அந்த ஸ்லைடை இழுக்கும் பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் அறை. அரை மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மகளின் நெயில் பாலிஷை எடுத்து ரேஞ்ச் துப்பாக்கியின் பிடியில் ரெண்டு பக்கமும் நீலப் பட்டை அடித்தேன். பெட்டகத்தில் வீட்டுத் துப்பாக்கி மேல் தட்டு, மற்றதெல்லாம் கீழ்த்தட்டு, காலியாக. சுத்தம் செய்கிற அறைக்குள் ஒரு தோட்டாகூட வரக்கூடாது. சீரியல் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில். 2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. திருடனுக்குப் பயந்து வாங்குகிறோம், சாவு பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. பெட்டகத்தின் நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும், மகளுக்கு அதில் கோபம். ரெண்டாவது துப்பாக்கிக்குக் காசு இருந்து நல்ல பெட்டகத்துக்குக் காசு இல்லையென்றால், ரெண்டாவது வேண்டாம். முதலாவதே வேண்டாம்.

கடைசியாக, இரட்டையாக வாங்கியிருக்க வேண்டிய ஒன்றை ஒற்றையாக வைத்திருந்து, அதையும் விற்றுத் தொலைத்த கதை. பிரௌனிங் ஹை-பவர். ஜான் பிரௌனிங் ஆரம்பித்து, அவர் 1926-இல் இறந்த பிறகு பெல்ஜியத்தில் முடித்த பிஸ்டல், 1935-இல் வந்தது, அந்தக் காலத்திலேயே மேகசினில் 13 தோட்டா. உலகப்போரில் ரெண்டு பக்கத்துக்காரர்களும் இதை வைத்துச் சுட்டுக்கொண்டார்கள். நம் ராணுவத்துக்காக மேற்கு வங்காளத்தின் இஷாப்பூரில் செய்யும் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலும் இதே வம்சம். ராணுவத்தில் இருந்த சித்தப்பா இடுப்பில் இருந்தது அதுதான். இங்கே ஒரு பெல்ஜியம் ஹை-பவரைக் கையில் எடுத்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. பிடி அவ்வளவு ஒல்லி, கைக்குள் ஒட்டிக்கொள்ளும். 2017-இல் ஏதோ புதியது வாங்கும் ஆசையில் அறுநூறு டாலருக்கு விற்றேன். என்ன வாங்கினேன் என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை. 2018-இல் ஹை-பவர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். 2022-இல் அதே பெயரில் புதிதாக ஒன்று வந்தது, பழைய மேகசின்கூட அதில் போகாது. வேறொரு கம்பெனி செய்யும் எஸ்ஏ-35 பழையதற்கு இன்னும் நெருக்கம், நன்றாகவே சுடுகிறது. ஆனால் சித்தப்பா ஞாபகம் வரவில்லை.

நேற்று பழைய சாமான் கடை ஒன்றில் கண்ணாடிக்குள் ஒரு பெல்ஜியம் ஹை-பவர் இருந்தது. மரப்பிடி, ஓரத்தில் லேசான தேய்மானம். சீட்டில் 1,450 டாலர். போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பினேன்.

"ஒன்னா ரெண்டா?" என்று பதில் வந்திருக்கிறது. கிண்டலா, சம்மதமா என்று தெரியாமல் இன்னும் அந்த மெசேஜையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.