முழங்காலைக் கவனியுங்கள்

சின்னக் கல்லூரியில் ஆள் குறைவு, அதனால் ஒரே பையன் கபடியும் வாலிபாலும் ஆடுகிறான் என்று கல்லூரி விளையாட்டு பற்றிய உங்கள் கட்டுரை சொல்வது சரி. ஆனால் அதில் முழங்கால் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கபடியில் பிடியை உதறி இழுக்கிற அதே கால்தான் மறுநாள் 2.43 மீட்டர் உயர வாலிபால் வலையோரம் எம்பி எம்பி இறங்குகிறது. முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்றால் அன்றைக்குக் குதிக்கும் பயிற்சி வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் ஓடுகிறவர்கள் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். கால் புதையும் மணலில் கெண்டைக்காலும் குதிகால் நாணும் இழுத்துக்கொள்ளும். கரை சரிவாக இருப்பதால் போன வழியே திரும்புங்கள், இல்லையேல் ஒரே கால் பாரம் தாங்கும். வியர்வைக்கு வெறும் தண்ணீர் போதாது: லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.