பக்தி பெண்ணுக்கு, பதவி ஆணுக்கு

"பொம்பளைங்களுக்குத்தான் பக்தி ஜாஸ்தி" என்று போகிறபோக்கில் சொல்வோம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் 2016 அறிக்கைப்படி, உலக அளவில் தனக்கு ஒரு மதம் உண்டு என்பவர்கள் பெண்களில் 83.4 சதவீதம், ஆண்களில் 79.9. தினசரிப் பிரார்த்தனையிலும் பல நாடுகளில் பெண்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

சரி, ஏன்? இளகிய மனசு, பயந்த சுபாவம் என்று உடனே பதில் வரும். இதற்கு ஆய்வு முலாமும் பூசியாயிற்று. ஆண்கள் துணிந்து ஆபத்தில் இறங்குகிறவர்கள், கடவுளை நம்பாமல் இருப்பதும் அப்படி ஓர் ஆபத்துதான், அதனால் அவர்களுக்குப் பக்தி குறைவு என்று 1995-இல் இரண்டு சமூகவியலாளர்கள் எழுதினார்கள். எனக்கு இது ஒட்டவே இல்லை.

அதே பியூ அறிக்கையில், வாராவாரம் தொழுகைக்குப் போவதாகச் சொன்ன முஸ்லிம் ஆண்கள் 70 சதவீதம், பெண்கள் 42. வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை ஆணுக்குக் கடமை, பெண்ணுக்குக் கட்டாயமில்லை. பழைய மரபை விடாமல் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களிடம் கூட்டு வழிபாடு தொடங்கவே பத்து ஆண்கள் வேண்டும். பெண்கள் எத்தனை பேர் வந்தாலும் கணக்கில் வராது. பிறவிச் சுபாவம்தான் காரணம் என்றால் விதி மாறும் இடத்தில் கணக்கு ஏன் தலைகீழாகிறது? இன்னொன்று, சம்பள வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பக்தியில் உள்ள இடைவெளி, வேலைக்குப் போகாத பெண்களோடு ஒப்பிட்டால் சிறியது. வேலையில் சேர்ந்ததும் சுபாவம் மாறிவிடுமா என்ன?

அப்புறம், கணக்கில் ஏறாத ஒன்று இருக்கிறது. நோன்போ விரதமோ, வீட்டில் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது யார்? யாருக்கு என்றைக்கு என்ன ஆகாது என்று நினைவில் வைத்திருப்பது, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பிரார்த்தனையை வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பது? பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் தனக்காகக் கும்பிடுவது இரண்டு நிமிஷம். இதில் பாதி பக்தி, பாதி வேலை. அந்த வேலையையும் சேர்த்துப் பக்தி என்று பாராட்டிவிட்டால் கூலி பற்றிப் பேச்சே எழாது. அவளுக்கு அதில் நிம்மதியே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். பல பெண்களுக்கு அந்த இரண்டு நிமிஷம்தான் சொந்த நேரம்.

பதவி என்று வரும்போதுதான் குரல் மாறுகிறது. 1994-இல் இங்கிலாந்துத் திருச்சபை முதல்முறையாகப் பெண்களைக் குருக்களாக்கியது. அதே வருஷம் போப் இரண்டாம் ஜான் பால், பெண்களைக் குருவாக்கக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார். ஞாயிறு வழிபாட்டில் பெஞ்சுகளை நிரப்புவது மட்டும் அதிகமும் பெண்களே.

"அவங்களே கேக்கலையே" என்று சொல்லாதீர்கள். பெண் ரப்பியாகலாமா, அதாவது யூத மதகுருவாகலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, மத நூல்களையே ஆதாரம் காட்டி, ஆகலாம் என்று ஆய்வேடு எழுதினார் ஜெர்மனியின் ரெஜினா யோனாஸ். 1935-இல் பட்டமும் வாங்கினார். 1944-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் ஒரு யூதக் கல்லூரி முதல்முறையாகப் பெண் ஒருவருக்கு ரப்பி பட்டம் கொடுத்தது 1972-இல்.