கேட் கண்ணெதிரே தெரிந்தால் போதுமா?

போன ஞாயிறு ஜோகன்னஸ்பர்க்கில் மாமா மகள் கல்யாணம் முடித்து டர்பன் திரும்பினோம். கிங் ஷாகா விமான நிலையத்தில் நல்லபடியாக இறங்கி, ஓடுபாதையை விட்டு, கேட்டுக்கு ஊர்ந்து போகும் பாதையான டாக்ஸிவேக்கு வந்ததும் விமானம் நின்றுவிட்டது. முன்சக்கரத்தைத் திருப்புவதில் கோளாறு, இழுவை வண்டி வரும்வரை எழுந்திருக்க வேண்டாம் என்று கேப்டன் அறிவித்தார். நாற்பது நிமிஷம். அதற்குள் எத்தனை பேர் எழுந்து பெட்டியை எடுத்தார்கள், பணிப்பெண்ணிடம் எப்படியெல்லாம் கத்தினார்கள்! "கேட் இதோ தெரியுது, மெதுவா ஓட்டிட்டுப் போகலாமே" என்றார் பக்கத்து சீட் அண்ணன். அவருக்கு அங்கே பதில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

என் அப்பா பழைய டர்பன் விமான நிலையத்தில், 2010இல் அது மூடும்வரை, தரைப்பணியில் இருந்தவர். அதனால் எனக்கு இது வெறும் தாமதம் இல்லை.

வேகமாக ஓடும்போது வாலில் உள்ள சுக்கான் விமானத்தை நேராக வைத்திருக்கும். வேகம் குறைந்தால் அதற்குக் காற்றின் பிடி கிடைக்காது, முன்சக்கரம்தான் திருப்ப வேண்டும், அதைத் திருப்புவது ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாய்க்குள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தம். அது போனால் ஒரு பக்க பிரேக்கை மட்டும் பிடித்துத் திருப்பலாம். அகலமான இடத்தில் சரி. ஆனால் கேட் பக்கத்தில் எரிபொருள் வண்டி, பெட்டி ஏற்றும் வண்டி, காதை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஆட்கள் எல்லாம் நிற்கிறார்களே? பிரேக்குக்கும் ஹைட்ராலிக்தான் வேண்டும். ஏர்பஸ் 320இல் அது முழுக்கப் போய்விட்டால் சேமித்து வைத்த அழுத்தத்தில் ஏழு முறை முழுதாக மிதிக்கலாம். ஏழே முறை! டர்பனில் உம்லாங்காவிலிருந்து சாட்ஸ்வொர்த் வருவதற்குள் நாம் எத்தனை ரோபோட்டில் (அதாவது டிராஃபிக் சிக்னலில்) பிரேக் பிடிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

2013 டிசம்பர் 22 இரவு, ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில், லண்டன் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் குறுகலான டாக்ஸிவேயில் நேராகப் போய், வலது இறக்கையால் ஒரு கட்டடத்தைக் கிழித்தது. விமானத்தில் இருந்த 202 பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காயம் பட்டது கட்டடத்துக்குள் வேலையில் இருந்த நான்கு பேருக்கு. இத்தனைக்கும் பாதைதான் தவறியது, பிரேக்கோ ஸ்டியரிங்கோ பழுதாகவில்லை.

பிரேக் சூடேறுவதும் அப்படித்தான், ஆபத்து தரையில் நிற்பவர்களுக்கு. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம், காற்று மெலிசு. அதனால் விமானம் அங்கே தரையைத் தொடும் வேகம் சுமார் 9 சதவீதம் கூடுதல், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றலோ 18 சதவீதம் கூடுதல். 'பிரேக் ஆறட்டும்' என்று அங்கே நிறுத்தி வைத்தாலும் முணுமுணுக்கிறோம். சூடேறிய சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருநாளும் நிற்கக் கூடாது, வெடித்தால் அந்தப் பக்கம்தான் சிதறும், முன்னாலோ பின்னாலோ இருந்துதான் கிட்டே போக வேண்டும் என்று அப்பா சொல்வார். அவர் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அம்மா ஜன்னலோரம் காத்திருப்பாள்.

கடைசியில் இழுவை வண்டி வந்து எங்களைக் கேட்டில் கொண்டுபோய் விட்டது. கேப்டன் கதவருகே நின்றிருந்தார், அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் போன பாதிப் பேர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.