கழுவி ஊற்றியவர்களுக்கு

என் பழைய காரின் இன்ஜெக்டரை, அதாவது என்ஜினுக்குப் பெட்ரோலைத் தூவும் சின்னக் குழலை, கழற்றிக் கழுவிக் காட்டி ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட வீடியோ, அதைப் பகிர்ந்து நண்பர் எழுதிய ஒற்றை வரி, அதற்குக் கீழே நடந்த கும்மி, மூன்றும் இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் போக வேண்டாம், பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. "வென்டிலேட்டரில் இருக்கும் தாத்தாவுக்குப் பல் தேய்த்து விடுகிறார்." அவ்வளவுதான். அதற்கு முந்நூற்றுச் சொச்சம் சிரிப்பு. இன்ஜெக்டரைக் கழுவியதற்காக ஒரு மனிதனை இப்படிக் கழுவி ஊற்றலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன். வரி நல்ல வரிதான். இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இன்ஜெக்டர்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. கழற்று, மெஷினில் போட்டுப் பார், அப்புறம் முடிவு செய். கழுவினால் எல்லாம் சரியாகிவிடும், புதிது வாங்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? வீடியோவைப் பாதிவரை கூடப் பார்க்காமல் கருத்து எழுத வந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். பார்த்துவிட்டு மாற்று. பார்க்காமல் மாற்றாதே.

என் வண்டிக்கு என்ன நடந்தது என்பதை வரிசையாகவே சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடும்போது, ஒரு நடுக்கம். கியர் லிவர் கையில் துள்ளும். செக் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0303 என்று வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. உடனே நான் இன்ஜெக்டர் என்று குதிக்கவில்லை. மூன்றாவதில் தீப்பொறி கொடுக்கும் பிளக்கையும் காயிலையும் இரண்டாவதோடு மாற்றிப் போட்டேன். கோளாறு மூன்றிலேயே உட்கார்ந்திருந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தேன், நான்கும் சரி. கடைசியாக மூன்றாவது இன்ஜெக்டரை முதலாவதோடு இடம் மாற்றினேன். அடுத்த நாள் ஸ்கேனரில் பி0301. கோளாறு இன்ஜெக்டரோடு சேர்ந்து நடந்து போய்விட்டது. இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

அப்புறம்தான் நான்கையும் டெஸ்ட் பெஞ்சில், நான் சொன்ன அந்த மெஷினில், மாட்டினோம். நான்கு கண்ணாடிக் குழாய்கள், மேலே நான்கு இன்ஜெக்டர்கள். மூன்று இன்ஜெக்டர்கள் கூம்பு விரித்துப் பொடிப்பொடியாகத் தூவுகின்றன. மூன்றாவது மட்டும் குழந்தை மூத்திரம் போவதுபோல ஒரே கோடாக ஒழுகுகிறது. குழாயில் நின்ற அளவு 84, 82, 63, 83 மில்லி. கால் பங்கு குறைவு. ஒலி அதிர்வால் கசடை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இறக்கி ஓடவிட்டபோது அதன் மூக்கிலிருந்து பழுப்பு நிறத்தில் நூல் மாதிரி ஒன்று திரவத்துக்குள் இறங்கியது. வீடியோவில் நான் பெரிதாக்கிக் காட்டியது அதைத்தான். நீங்கள் அதைப் பார்க்கவில்லை, என் சட்டையின் கிரீஸ் கறையைப் பார்த்தீர்கள். உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டியையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டு மறுபடி ஓட்டினால் 86, 85, 84, 86. மெக்கானிக் தம்பி எதுவும் பேசாமல் குழாய்களை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், மூன்று நல்ல இன்ஜெக்டர்களையும் ஒரு அடைத்த இன்ஜெக்டரையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருக்க வேண்டுமா?

அந்தக் கசடு ஏன் வருகிறது என்பதும் தேவரகசியம் அல்ல. வண்டியை நிறுத்தியதும் என்ஜின் சூடு உடனே இறங்காது. இன்ஜெக்டர் மூக்கில் ஒட்டியிருக்கும் துளிப் பெட்ரோல் அந்தச் சூட்டில் ஆவியாகிறது. லேசான பகுதி போய்விடும், கனமான பகுதி வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்து நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தினால் பூச்சு மேல் பூச்சு. தலைமயிரைவிட மெல்லிய படிவு போதும், தூவல் கோணிக்கொள்ளும். ஒரு சிலிண்டருக்குக் குறைந்தால் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் மொத்தத்துக்கும் பெட்ரோல் போதவில்லை என்று நினைக்கிறது. கம்ப்யூட்டர் நான்கு பேருக்கும் சேர்த்து அதிகம் ஊற்றுகிறது. ஒருவனுக்குப் பசி என்றால் நாலு பேர் தட்டிலும் கொட்டுகிற கதை. என் ஸ்கேனரில் அது ஆறேழு சதவீதம் கூட என்று காட்டியது. மைலேஜ் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தேன், அங்கேதான் போயிருக்கிறது.

சரி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

"கார்புரேட்டர் காலத்துப் பெருசு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, கார்புரேட்டருக்குப் பதிலாக போஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு இன்ஜெக்ஷன் ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்தது 1967இல். என்னைவிட அதற்கு வயது கூட. எனவே நான் பெருசு என்றால் உங்கள் இன்ஜெக்டர் என்னைவிடப் பெருசு.

"டேங்கில் ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் முடிந்தது, இதற்கு ஒரு வீடியோவா" என்று இன்னொருவர். லேசான படிவுக்கு அது வேலை செய்யும். பாலிஈதர் அமீன் என்ற கசடு கரைக்கும் ரசாயனம் இருக்கும் நல்ல மருந்தாக இருந்தால் மெதுவாகக் கரைக்கும். அமெரிக்காவில் 1995இலிருந்து பெட்ரோலிலேயே படிவு தடுக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அந்த அளவுக்கு இது தெரிந்த நோய். ஆனால் கால் பங்கு அடைத்துப்போனதை, அதுவும் உள்ளே வடிகட்டியில் தங்கிய தூசியை, பாட்டில் என்ன செய்யும்? நானும் இரண்டு பாட்டில் ஊற்றிவிட்டுத்தான் கழற்றினேன். அதை வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

"டீசல் காமன் ரெயிலில் இதெல்லாம் நடக்காது." ஆமாம், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய் வைத்த அந்த டீசல் வகைக்கு இந்தச் சாதாரண பெஞ்ச் செல்லாது. பார் என்ற அளவில் சொன்னால் அங்கே அழுத்தம் 2000 பார் வரை போகும், என் வண்டியில் 3 பார். அது வேறு உலகம், அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பெட்ரோலிலேயே நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவும் வகையும் வேறு கதை. அதைக் கழற்றினால் டெஃப்லான் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், அதற்குத் தனிக் கருவி வேண்டும். நான் பேசியது பழைய வண்டியின் சாதாரண இன்ஜெக்டரைப் பற்றி. தலைப்பிலேயே "பழைய வண்டி" என்றுதான் இருந்தது.

"இருபது வருடத்தில் உள்ளே தேய்ந்திருக்கும், கழுவி என்ன பயன்?" இது நியாயமான கேள்வி. 2000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்றில், ஒரு மணி நேரம் ஓட்டினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று ஒரு இன்ஜெக்டர் 60,000 முறை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்? தேய்ந்ததா இல்லையா என்பதையும் அதே பெஞ்ச்தான் சொல்லும். மின்சாரம் கொடுக்காமல் அழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்த்தால் தேய்ந்தது சொட்டும். கழுவிய பிறகும் சொட்டினால் தூக்கிப் போடு, நானே போடச் சொல்வேன். சொட்டும் இன்ஜெக்டரை வைத்து ஓட்டினால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்து போகும். பார்த்துவிட்டு மாற்று என்பதற்குள் மாற்று என்ற சொல்லும் இருக்கிறது ஐயா.

"கழற்றிக் கழுவி மாட்டி, அப்புறமும் சரியாகாவிட்டால் மறுபடி கழற்றிப் புதிது போட வேண்டும், இரண்டு கூலி" என்று ஒருவர் நிதானமாக எழுதியிருந்தார். இதற்கு நான் என்ன சொல்ல? கழற்றும்போதே பெஞ்சில் பார்த்தால் எதற்கு இரண்டாவது கூலி? பெஞ்ச் இல்லாத இடத்தில்... சரி, பெஞ்ச் இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள். நகர்வோம்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் தோண்டி எடுக்க வேண்டாம். நான்கு வருடங்களுக்கு முன் இதே வண்டியின் இரண்டாவது இன்ஜெக்டரை இரண்டு முறை கழுவினேன். பெஞ்சில் அழகாகத் தூவும். வண்டியில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டினால் மூச்சு விடாது. ஆறியதும் மறுபடி நல்ல பிள்ளை. கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தால் குளிர்ந்த நிலையில் மின்தடை சரியாக 14 ஓம், சூட்டில் இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் அறுந்து நிற்கிறது. கசடே இல்லை, மின்சுருள்தான் போயிருந்தது. எந்தத் திரவத்தில் முக்கினாலும் அது திரும்பாது. புதிதுதான் போட்டேன். ஆமாம், இரண்டு கூலி. முதல் நாளே சூடாக இருக்கும்போது மீட்டர் வைத்திருந்தால் அந்தச் செலவு இல்லை. அப்போதும் தவறு கழுவியதில் இல்லை, பார்க்காததில்தான். இதைச் சப்பைக்கட்டு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எனக்கு உண்மையில் எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? பகிர்ந்த நண்பர் போன வருடம் தன் வண்டிக்கு நான்கு இன்ஜெக்டர்களையும் ஒரே நாளில் மாற்றியவர். மாற்றிய பிறகும் நடுக்கம் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டு உள்ளே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கட்டைவிரல் நீளக் குழாய். அதைக் கண்டுபிடித்தது யார் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் வீடியோ எடுக்கவில்லை, "புது நெஞ்சு வைத்தார்கள், மூக்கைப் பார்க்கவில்லை" என்று வரி எழுதவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இதில் கஞ்சத்தனம் எங்கே வருகிறது? "ஒரு இன்ஜெக்டர் வாங்க வக்கில்லாதவர்" என்று எழுதியவருக்கு நான் கணக்கு காட்டத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கும் புதிய இன்ஜெக்டர் என்பதால் அது சரியான அளவில் தூவும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போலி நிறைய ஓடுகிறது. ஒன்றை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கிப் போட்டால் மற்ற மூன்றோடு அது ஒத்துப்போகாமல் அதே நடுக்கம் திரும்பி வரும். புதிது வாங்கினாலும் பெஞ்சில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பழையதின் மேல் எனக்குக் காதல் எதுவும் இல்லை.

இல்லை, அது பொய். இந்த வண்டி மேல் இருக்கிறது. இது அப்பாவின் வண்டி. கிளட்ச் மிதியின் ரப்பர் அவர் குதிகால் பட்ட பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். நான் அதை மாற்றவில்லை. அதையும் கழுவித்தான் வைத்திருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை ஏன் சிரிப்பு வரவில்லை என்று சொல்கிறேன் என்றேன். அப்பா கடைசிப் பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வாயைச் சுத்தம் செய்வார்கள். நிஜமாகவே செய்வார்கள். செய்யாவிட்டால் வாயிலிருக்கும் கிருமி நுரையீரலுக்குள் இறங்கும் என்று அந்தச் செவிலியர்தான் சொல்லித் தந்தார். குழாயின் இரண்டு பக்கமும் ஈறு வலிக்காமல் எப்படித் துடைக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். நானும் இரண்டு நாள் துடைத்தேன். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு ராத்திரி என்னோடு உட்கார்ந்திருந்தவன் இந்த வரியை எழுதிய அதே ஆள்தான். மறந்திருப்பான். மறந்துதான் எழுதியிருப்பான், வேண்டுமென்றே எழுதுகிறவன் இல்லை. ஆனால் முந்நூறு பேர் சிரித்த பிறகாவது ஒரு நிமிடம் நினைவு வந்திருக்கலாம்.

போகட்டும். நான் எதற்கு வந்தேன், எங்கே போய்விட்டேன். இன்ஜெக்டர்.

வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டு வரும் குழாயான ரெயிலில் அழுத்தம் இருக்கும்போது கழற்றாதீர்கள், சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீச்சி அடிக்கும். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து இன்ஜெக்டரைத் திறந்தே வைத்துக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஓடும்போது அது சில மில்லி வினாடிதான் திறக்கிறது. நீங்கள் அதை நிமிடக் கணக்கில் திறந்து பிடித்தால் சுருள் வெந்துவிடும். அப்புறம் அதற்கும் என் மேல்தான் பழி வரும்.

கடைசியாக ஒன்று, இது உனக்கு மட்டும். போன வருடம் கழற்றினாயே, அந்தப் பழைய நான்கு இன்ஜெக்டர்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு துணிப்பையில் கிடந்தன, நான் பார்த்தேன். இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் சனிக்கிழமை கொண்டு வாடா. பெஞ்சில் போட்டுப் பார்க்க வேண்டும்.