டெர்பிக்கு முந்தைய மேட்ச்சில் யாரை உட்கார வைப்பது?

ஃபுட்பாலில் ஒரே ஊர் எதிரிகள் மோதும் டெர்பிக்கு நாலு நாள் இருக்கும்போது நடுவில் ஒரு மேட்ச் வந்துவிட்டால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். "மெயின் ஆட்களை எல்லாம் உட்கார வை, டெர்பிதான் முக்கியம்" என்கிறது ஒரு கட்சி. "ஜெயிக்கிற டீமைக் கலைக்காதே, ஃபார்ம் போய்விடும்" என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டை முழுக்கப் பெயர்களை வைத்தே நடக்கிறது, மணிக்கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நடு மேட்ச்சில் மூன்று முதல் ஐந்து பேரை மாற்றியே ஆக வேண்டும். எட்டு, பத்து பேரை மாற்றுவது தப்பு. யாரை மாற்றுவது என்பதை அவர் ஆடும் இடமும், பக்கத்தில் யாருடன் சேர்ந்து ஆடுகிறார் என்பதும்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் எவ்வளவு பெரிய ஸ்டார் என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

முதலில் மணிக்கணக்கு. புதன் இரவு 8 மணிக்குத் தொடங்கும் மேட்ச் சுமார் 9.50-க்கு முடியும். டெர்பி சனி மதியம் 12.30 என்றால் இடைவெளி 62 மணி 40 நிமிடம். அதே டெர்பி ஞாயிறு மாலை 4.30 என்றால் 90 மணி 40 நிமிடம். பேச்சு வழக்கில் இரண்டையும் "புதன் மேட்ச், வீக்கெண்ட் டெர்பி" என்றுதான் சொல்கிறோம், உடம்புக்கு அவை ஒன்றல்ல. ஒரு மேட்ச்சில் ஒருவர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். தசையில் தீர்ந்துபோன கிளைகோஜன் என்ற சேமிப்பு எரிபொருள் திரும்ப நிரம்பவே 48 முதல் 72 மணி நேரம் ஆகலாம். வேகமாக ஓடி, சட்டென்று நின்று திரும்புவதால் தசை இழையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் வலி இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். புதன் இரவு ஆடியவருக்கு அந்த உச்சம் வெள்ளியன்று, அதாவது சனி டெர்பிக்கு முந்தைய நாள். இதில் வெளியூர் மேட்ச் என்றால் பயணம், அதிகாலை மூன்று மணிக்கு வீடு, கெட்டுப்போன தூக்கம் எல்லாம் சேரும். ஆகவே இடைவெளி 72 மணிக்குக் கீழே என்றால் ஐந்து மாற்றம், 90-ஐத் தாண்டினால் மூன்று போதும். செவ்வாய் இரவு மேட்ச், சனி மதியம் டெர்பி என்றால் 86 மணி 40 நிமிடம் கிடைக்கிறது. அதற்கு நாலு பேர்.

"புதன்கிழமை மேட்ச் முழுக்க ஓடினானே, பார்க்க நல்லாத்தானே இருந்தான்" என்பது அடிக்கடி வரும் பதில். கிரெகரி டுபோன்ட் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. உயர்மட்ட அணி ஒன்றின் வீரர்களை இரண்டு சீசன் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடியபோதும் இரண்டு மேட்ச் ஆடியபோதும் ஓடிய தூரம், வேக ஓட்டம் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. காயக் கணக்கோ 1000 மணி நேரத்துக்கு 4.1-லிருந்து 25.6 ஆக ஏறியது. ஆறு மடங்கு! களைப்பு ஆட்டத்தில் தெரிவதற்கு முன்னாலேயே தசை கிழிந்துவிடுகிறது. அதனால்தான் கிளப்பில் காலையில் வந்ததும் தூக்கம், தசைவலி பற்றி மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். குதிக்கும் உயரத்தை அளக்கிறார்கள். முழங்கால்களுக்கு நடுவே அழுத்தச் சொல்லித் தொடையின் உள்தசை வலுவைப் பார்க்கிறார்கள். டிவியில் பார்க்கும் நமக்கு அந்த எண்கள் வராது. ஆடிய நிமிடங்களை நாமே கூட்டிப் பார்க்கலாம், அதுவே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்து, எந்த இடத்தை மாற்றுவது. அதிக ஸ்பிரிண்ட் ஓடுகிறவர்கள் ஓரத்தில் தாக்கும் விங்கர்களும் ஓரத்தில் தடுக்கும் ஃபுல்பேக்குகளும். ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) காயத்துக்குப் பெரிய காரணம் இந்த முழு வேக ஓட்டம்தான். நடு மிட்ஃபீல்டர்கள் மொத்த தூரத்தில் முந்துவார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி மிதமான வேகம். நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக் இரண்டிலும் குறைவு. ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஃபுல்பேக், விங்கர், பிறகு ஒரு பெனால்டி பாக்ஸிலிருந்து மறு பாக்ஸ் வரை (பாக்ஸ் டு பாக்ஸ்) ஓடும் மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர் முன்னாலிருந்தே எதிரணியை விரட்டி பிரஸ் பண்ணுகிறவராக இருந்தால் அவர். சென்டர் பேக் ஜோடியைக் கடைசிவரை தொடாதீர்கள். கோல்கீப்பருக்கு ஓய்வு என்ற பேச்சே இங்கே வேண்டாம், அவரை மாற்றுவதற்குக் காரணங்கள் வேறு.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே பக்கத்தில் ஃபுல்பேக்கையும் விங்கரையும் சேர்த்து மாற்றினால் அந்தப் பக்கம் திறந்த கதவாகிவிடும். விங்கர் உள்ளே வந்தால் யார் வெளியே ஓடுவது, பந்து போனதும் யார் பின்னால் நிற்பது என்பதெல்லாம் பேசி வைத்து வருவதில்லை, சேர்ந்து ஆடிப் பழகித்தான் வரும். இடது ஃபுல்பேக்கை மாற்றினால் வலது விங்கரை மாற்றுங்கள், அப்போது இரண்டு பக்கமும் பழையவர் ஒருவர் இருப்பார். பின்வரிசைக்கு முன்னால் நின்று தடுக்கும் ஹோல்டிங் மிட்ஃபீல்டரை உட்கார வைத்தால் அவருக்குப் பின்னால் உள்ள இரண்டு சென்டர் பேக்கும் அதே ஆட்களாக இருக்கட்டும். கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸை நாம் சுத்தமாக மறந்துவிடுகிறோம். கார்னரில் பக்கத்துக் கோல் கம்பத்தில் (நியர் போஸ்ட்) நிற்பவர், எதிரணியின் உயரமான ஆளைப் பிடிப்பவர், கார்னர் எடுப்பவர் ஆகிய மூவரும் ஒன்றாக பெஞ்சுக்குப் போனால் மீதி எட்டுப் பேரின் வேலையும் இடம் மாறும். மேட்ச்சுக்கு முந்தைய நாள் பயிற்சி லேசாகத்தான் இருக்கும், அதில் இவ்வளவையும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. எட்டு மாற்றம் செய்த அணி கார்னரில் கோல் வாங்கினால் "பையன்களுக்கு அனுபவம் இல்லை" என்கிறோம். பல நேரம் யாரை யார் பிடிப்பது என்பதே அங்கே குழம்பிப்போயிருக்கும்.

சரியான ரொட்டேஷனுக்கு (ஆட்களை மாற்றி ஆடவைப்பதற்கு) நான் காட்டும் உதாரணம் 2019 டிசம்பர் 4. டெர்பிக்கு முன்பு அல்ல, டெர்பியிலேயே லிவர்பூல் மேனேஜர் க்ளாப் அதைச் செய்தார். அதே ஊர் எவர்டனுக்கு எதிராக சலாவும் ஃபிர்மினோவும் பெஞ்சில். ஒரிகி, ஷகிரி, லல்லானா, மில்னர் உள்ளே. அலிசனுக்குத் தடை இருந்ததால் கோலில் அட்ரியன். மொத்தம் ஐந்து மாற்றம். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் பதறியிருக்கலாம். ஆனால் அலெக்சாண்டர்-அர்னால்ட், லவ்ரன், வான் டைக், ராபர்ட்சன் என்ற பின்வரிசை நாலு பேரும் முந்தைய பிரைட்டன் மேட்ச்சில் ஆடியவர்களே. நடுவில் வைனால்டம், முன்னால் மானே. ஒவ்வொரு வரிசையிலும் பழைய ஆள் ஒருவராவது இருந்தார். 5-2. ஒரிகி இரண்டு கோல், ஷகிரி ஒன்று. மறுநாள் எவர்டன் தன் மேனேஜர் மார்கோ சில்வாவை நீக்கியது.

அடுத்த மாதமே, 2020 ஜனவரி 5-ல், எஃப்ஏ கோப்பையில் அதே எவர்டனுக்கு எதிராக க்ளாப் ஒன்பது பேரை மாற்றி, 18 வயது கர்டிஸ் ஜோன்ஸ் அடித்த கோலில் 1-0 என ஜெயித்தார். என் வாதத்துக்கு எதிராக இதைத் தாராளமாகக் காட்டலாம், ஜெயித்தது ஜெயித்ததுதான். ஆனாலும் அந்த மேட்ச்சின் ஒன்பதாவது நிமிடத்தைப் பாருங்கள். காயத்தோடு வெளியே போனவர் மில்னர். மூன்று நாளுக்கு முன் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக வார்ம்-அப்பில் சக வீரர் கெய்டா காயப்பட்டதால் கடைசி நேரத்தில் லெவனுக்குள் (தொடங்கும் 11 பேருக்குள்) வந்தவர், இரண்டு மேட்ச்சையும் தொடங்கிய இருவரில் ஒருவர். ஒரு சம்பவத்தை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் மூன்று நாள் இடைவெளியை ஒரு கோச் ஏன் இவ்வளவு கவலையோடு பார்க்கிறார் என்பது இதிலிருந்து புரியும்.

பத்து மாற்றத்துக்கு உதாரணம் இங்கிலாந்தின் உல்வ்ஸ் அணி. 2009 டிசம்பரில் டாட்டன்ஹாமை அவர்கள் ஊரிலேயே 1-0 என ஜெயித்த டீமின் களவீரர்கள் பத்துப் பேரையும் மூன்று நாள் கழித்து மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் மேனேஜர் மிக் மெக்கார்த்தி மாற்றினார். 0-3 தோல்வி. வழக்கமான டீமை வைத்து அடுத்த மேட்ச்சில் பர்ன்லியை 2-0 என வென்றார், சீசன் முடிவில் கீழ் லீக்குக்கு இறங்காமலும் தப்பித்தார்கள். கணக்குப்படி அவர் முடிவு பலித்தது. முழு பலத்தோடு டீமை இறக்கவில்லை என்று இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் 25,000 பவுண்டு அபராதம் அறிவித்து அதை நிறுத்திவைத்தது. எனக்கு அபராதத்தை விடப் பெரிய குறை, பயணம் செய்து டிக்கெட் எடுத்து வந்த ரசிகர்களுக்கு முன்னால் ஒரு மேட்ச்சை ஆடுவதற்கு முன்பே விட்டுக்கொடுத்ததுதான். ஐந்து பேரை மாற்றி அங்கே ஆடியிருந்தால் பர்ன்லி மேட்ச்சுக்கும் கால் மிஞ்சியிருக்கும்.

நடு மேட்ச்சில் தோற்றாலே ரொட்டேஷன் தப்பு என்று எழுதுகிறவர்கள் 2015 ஜனவரி 4-ஐ நினைத்துப் பாருங்கள். விடுமுறை முடிந்து தாமதமாக வந்த மெஸ்ஸியையும் நெய்மாரையும் பார்சிலோனா கோச் லூயிஸ் என்ரிக்கே ரியல் சோசியதாதுக்கு எதிராக பெஞ்சில் வைத்தார். இரண்டாம் நிமிடத்தில் ஜோர்டி ஆல்பாவின் ஓன் கோல், 0-1 தோல்வி. முந்தைய சில மணி நேரத்தில்தான் ரியல் மாட்ரிட் வலென்சியாவிடம் தோற்றிருந்தது, அதனால் கோபம் இரட்டிப்பானது. அடுத்த ஞாயிறு அட்லெட்டிகோவை 3-1 என வென்றபோது நெய்மார், சுவாரஸ், மெஸ்ஸி மூவரும் கோல் அடித்தார்கள். அந்த சீசனில் பார்சிலோனா மூன்று கோப்பைகளையும் எடுத்தது. ரொட்டேஷனுக்குக் கிடைக்கும் பலன் அன்றிரவு ஸ்கோர்போர்டில் வராது, அடுத்த வாரம்தான் வரும்.

"ஜெயிக்கிற டீமை மாற்றாதே" என்பவர்கள் லீக் பட்டம் வென்ற 2015-16 லெஸ்டரைக் காட்டுவார்கள். அந்த டீமின் கோச் ரனியேரி. செல்சியில் இருந்தபோது டீமை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்று திட்டு வாங்கிய அதே மனிதர். அவர் லெஸ்டரில் மாற்றாததற்குக் காரணம் காலண்டர். ஐரோப்பிய மேட்ச் கிடையாது, எஃப்ஏ கோப்பையில் மூன்றாம் சுற்றிலேயே வெளியே. பெரும்பாலான வாரங்களில் சனி முதல் சனி வரை முழு ஓய்வு. வாரத்துக்கு இரண்டு மேட்ச் ஆடும் டீமுக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

ஆனாலும் அவர்கள் சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். பத்து, பன்னிரண்டு நாள் மேட்ச்சே ஆடாமல் ஒருவர் டெர்பிக்குள் போனால் முதல் 20 நிமிடம் பந்தைத் தொடும் கணமும் சேலஞ்சுக்குப் போகும் நேரமும் தவறும். ஓய்வு என்றால் பூஜ்ஜியம் நிமிடம் என்று ஆகிவிடக் கூடாது. இப்போது ஐந்து சப் (மாற்று வீரர்) இருக்கிறது, ஆட்டத்தின் நடுவில் மூன்று தடவையும் இடைவேளையிலும் இறக்கலாம். டெர்பியில் ஆடப்போகும் விங்கரை 60-ஆவது நிமிடத்தில் வெளியே எடுங்கள், அல்லது பெஞ்சில் வைத்துக் கடைசி 25 நிமிடம் இறக்குங்கள். இறங்காமலே இருந்தவர்கள் மேட்ச் முடிந்ததும் அதே மைதானத்தில் வேக ஓட்டம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தண்டனை இல்லை, விட்டுப்போன ஸ்பிரிண்ட் கணக்கை ஈடுகட்டுகிறார்கள். ஒரே ஒரு ஆபத்து: 60-ஆவது நிமிடத்தில் 0-1 என்று பின்தங்கியிருந்தால் திட்டமெல்லாம் பறந்துவிடும், ஓய்வு கொடுக்க வேண்டியவரே 95-ஆவது நிமிடம் வரை ஓடுவார். அதனால் முக்கியமானவரை முதலில் இறக்கி, 2-0 ஆனதும் எடுத்துவிடுவது பெஞ்சில் வைத்துத் தவிப்பதை விடப் பல நேரம் நல்லது.

மஞ்சள் அட்டைக் கணக்கிலும் குழப்பம் அதிகம். பிரீமியர் லீக்கில் ஒரு டீமின் முதல் 19 மேட்ச்சுக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால் ஒரு மேட்ச் தடை. லீக்கில் வாங்கிய மஞ்சள் லீக்குக்கு மட்டும்தான். நாலு மஞ்சளோடு இருப்பவரைப் பாதுகாக்க வேண்டும் என்று கோப்பை மேட்ச்சில் உட்கார வைப்பதில் அர்த்தமே இல்லை. நடு மேட்ச்சும் லீக் மேட்ச்சாக இருந்து, அவர் டேக்கிள் பண்ணியே பிழைக்கும் ஹோல்டிங் மிட்ஃபீல்டராகவும் இருந்தால், அவர்தான் முதலில் பெஞ்சுக்குப் போக வேண்டிய ஆள்.

இந்த வாரம் உங்கள் லெவனை எழுதும்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கடந்த பத்து நாளில் ஆடிய நிமிடங்களையும் எழுதுங்கள். சென்டர் பேக் 270-ஐ, அதாவது மூன்று முழு மேட்ச்சை, தொட்டிருந்தால் அவரை மாற்றாமல் விட்டுவிடுங்கள். ஃபுல்பேக்கோ விங்கரோ 270-ஐத் தொட்டிருந்தால், அவர் உங்களுக்கு எவ்வளவு பிடித்தவராக இருந்தாலும், புதன்கிழமை லெவனில் அவர் பெயரை அடித்துவிட்டு டெர்பி லெவனில் முதல் பெயராகப் போடுங்கள்.